வீட்டு வரி ரசீதில் ஒரு வரி: பெரியவங்க படிப்புக்கு யார் பொறுப்பு?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குக் கதையை ஒரு ரசீதில் இருந்து ஆரம்பிக்கலாம். உங்க வீட்டில் சொத்து வரி கட்டின ரசீது இருந்தா எடுத்துப் பாருங்க. வாடகை வீடுன்னா ஊர்ல அப்பாகிட்ட கேளுங்க. குடிநீர்க் கட்டணம், சொத்து வரி எல்லாத்துக்கும் நடுவுல சின்னதா ஒண்ணு இருக்கும்: நூலக வரி. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. ரெண்டாயிரம் ரூபாய் வரி கட்டுற வீடு, நூலகத்துக்குன்னு இருநூறு ரூபாய் தருது. தெரிஞ்சு தர்றவங்க ரொம்பக் கம்மி.

இப்ப இன்னொரு பக்கம் வாங்க. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், கடையம் பக்கம் ஐம்பது வயசைத் தாண்டின ஒரு பெண்கிட்ட "அறிவொளி" என்ற வார்த்தையைச் சொல்லிப் பாருங்க. முகம் மாறும். சிலர் பாட்டே பாடுவாங்க. ஆனா அந்த அறிவொளிக்கு இன்னைக்கு ஓர் அலுவலகம் கிடையாது, ஒரு பெயர்ப்பலகை கிடையாது, உங்க ரசீதில் ஒரு வரியும் கிடையாது.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே, வயசு வந்தவங்க படிக்கணும்னு இந்த மாவட்டத்தில் நடந்த இரண்டு பெரிய வேலைகள் இவை. ஒண்ணை மக்கள் மறந்துட்டாங்க, ஆனா அது நிக்குது. இன்னொண்ணை மக்கள் மறக்கலை, ஆனா அது இல்லை. ஏன் இப்படின்னு கேட்டா, ஆசிரியர் நல்லவரா புத்தகம் நல்லதான்னு போறதைவிட, நிர்வாகம் எப்படி அமைஞ்சுதுன்னு பார்க்கிறது பொருத்தமா இருக்கும். யார் தலைவர், பணம் எங்கிருந்து, யாரை யார் கேள்வி கேட்கலாம் — வரலாற்றில் சலிப்பான பகுதின்னு நாம தள்ளிட்டுப் போற இடம்தான். இன்னைக்கு அங்கேயே உட்காரப் போறோம்.

முதல்ல அரசாங்கம் வர்றதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு ஒரு எட்டு பார்த்துடுவோம். குற்றாலம்னா நமக்கு அருவி, சாரல், கூட்டம். நம்ம தாத்தாக்களின் தலைமுறைக்குக் குற்றாலம்னா இன்னொரு ஆளும் ஞாபகம் வருவார்: ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1920களில் திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டமான தொட்டிக்கட்டில் கூடின நண்பர் கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி'ன்னே பெயர். வக்கீல், அதிகாரி, ஆசிரியர் எல்லாரும் உட்கார்ந்து கம்பனைப் படிப்பாங்க. பின்னாளில் அவர் குற்றாலத்தில் குடியேறினதும் அந்த வீடும் அப்படியே ஆச்சு. ராஜாஜி, கல்கி எல்லாம் வந்து தங்கிப் பேசின இடம் அது. 1954-ல் டி.கே.சி. மறையும் வரைக்கும் நடந்துச்சு. தென்காசியில் திருவள்ளுவர் கழகம் 1920களின் பிற்பகுதியில் இருந்தே குறள் கூட்டம் நடத்திட்டு வருது. அப்புறம் திராவிட இயக்கத்தின் படிப்பகங்கள். ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை, ஒருத்தர் சத்தமா வாசிக்க நாலு பேர் கேட்பாங்க. இந்த ஊர்களில் எழுத்து தெரியாத பலருக்கு உலகச் செய்தி வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இதுக்கெல்லாம் வாரியமும் இல்லை, கவுன்சிலும் இல்லை. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இதில் எந்தக் கூட்டத்துக்கு யார் போகலாம்னு எழுதாத சட்டம் ஒண்ணு இருந்துச்சு, அதையும் சொல்லணும். வட்டத்தொட்டிக்கு வயல் வேலை முடிச்சு வந்த ஒரு பெண் போயிருப்பாளா? படிப்பகத்து பெஞ்சுலயாவது பெண்கள் உட்கார்ந்தாங்களா? 'எல்லாருக்கும்'னு ஒரு பொது ஏற்பாடு வேணும்னா, அது யாரோ ஒருத்தரோட நல்ல மனசைத் தாண்டி வரணும்.

அந்த இடத்துலதான் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் வர்றார். கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரா ஆனதும் பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். அங்கே அவரைத் தொட்டது புத்தக அடுக்கு மட்டும் இல்லை. நகராட்சிகள் வரி போட்டு நூலகம் நடத்துறதையும், கூலித் தொழிலாளி வந்து உரிமையோட புத்தகம் எடுத்துட்டுப் போறதையும் பார்த்தார். திரும்பி வந்ததும் 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாச்சு. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏத்திக்கிட்டு கிராமம் கிராமமா ஒரு நூலகமே போச்சு. பார்க்க அழகான காட்சிதான். ஆனா ரங்கநாதன் விடாம கேட்டது மாட்டுவண்டியை இல்லை, சட்டத்தை. நன்கொடை வாங்கி நடத்துற நூலகம், கொடுக்கிறவர் இருக்கிற வரைக்கும்தான் இருக்கும்ங்கிறது அவருக்குத் தெரியும். 1930-லேயே ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி வெச்சிருந்தார்.

அது நிறைவேற 18 வருஷம் ஆச்சு. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வர், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சர். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்துச்சு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் எலும்புக்கூடு இப்படி: மாநில அளவில் ஆலோசனை சொல்ல ஒரு நூலகக் குழு. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. அந்த ஆணைக்குழுவில் அரசு நியமிக்கிறவங்களும் இருப்பாங்க, நகராட்சியும் ஊராட்சியும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்புறவங்களும் இருப்பாங்க. மாவட்ட நூலக அலுவலர் செயலாளர். பணத்துக்கு, வீட்டு வரி மேல ஒரு கூடுதல் வரி: ரூபாய்க்கு ஆறு பை. ஒரு ரூபாய்க்கு 192 பை இருந்த காலம். கிட்டத்தட்ட மூணு பைசான்னு வெச்சுக்கோங்க. அதுதான் வளர்ந்து வளர்ந்து இன்னைக்குப் பத்துப் பைசா ஆகி நிக்குது.

இதில் கவனிக்க வேண்டியது, வரியை வசூலிக்கிறது நகராட்சியோ ஊராட்சியோதான். ஆனா அந்தப் பணம் அவங்களோடது இல்லை. ஆணைக்குழுவோடது. அதாவது ஒரு மாவட்டம் தன் மக்களின் படிப்புக்காகத் தன் வீடுகள்ல இருந்து எடுத்து, தன் குழு மூலமா செலவு பண்ணணும். மந்திரி மாறினாலும் கலெக்டர் மாறினாலும் அந்தப் பைசா வந்துக்கிட்டேதான் இருக்கும். இன்னைக்குத் தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேல பொது நூலகங்கள் இருக்குன்னா, அந்த எண்ணிக்கைக்கு அடியில் இருக்கிறது இந்த ஏற்பாடுதான்.

ஆனா நூலகம் எழுத்து தெரிஞ்சவங்களுக்கு. 1991 கணக்கெடுப்பு வரும்போது தமிழ்நாட்டில் எழுத்தறிவு 62.66 சதவீதம், பெண்களை மட்டும் எடுத்தா 51.33. ரெண்டு பெண்ணில் ஒருத்திக்கு அந்த நூலகக் கதவு திறந்திருந்தும் பூட்டின மாதிரி.

அவங்களுக்காக ஒண்ணுமே நடக்கலையான்னா, நடந்துச்சு. 1978 அக்டோபர் 2, ஜனதா ஆட்சி. தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம். 15 முதல் 35 வயசு வரை பத்துக் கோடிப் பேருக்கு அஞ்சே வருஷத்தில் எழுத்தறிவுன்னு இலக்கு. ஒரு மையத்துக்கு முப்பது பேர், சொல்லிக் கொடுக்கிறவருக்கு மாசம் அம்பது ரூபாய், முப்பது மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர், முந்நூறு மையம் சேர்ந்தா ஒரு 'புராஜெக்ட்'. காகிதத்தில் கச்சிதம். மேலே டெல்லி, கீழே மையம், நடுவுல அதிகாரிகள். ஊருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, முப்பது பேரை அனுப்பி வைக்கிறதைத் தவிர. ஆட்சி மாறினதும் வேகமும் போச்சு. நம்ம பக்கத்தில் 'முதியோர் கல்வி'ன்னாலே சினிமாவில் ஒரு சிரிப்புக் காட்சியா ஆனதுக்கு இந்தக் காலம் ஒரு காரணம்.

1988 மே மாசம் தேசிய எழுத்தறிவு இயக்கம் ஆரம்பமாச்சு. அதுவும் பழைய பாதையிலேயே போயிருக்கும். போகாததுக்குக் காரணம், மலைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு விஷயம். எர்ணாகுளம் மாவட்டத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் கைகோர்த்து, சம்பளம் இல்லாத தொண்டர்களை வெச்சு ஒரு வருஷத்தில் வேலையை முடிச்சாங்க. 1990 பிப்ரவரி 4, நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமா எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. டெல்லி அதைப் பார்த்து 'இதுதான் மாதிரி'ன்னு முடிவு பண்ணுச்சு.

அந்த மாதிரியின் நிர்வாக வடிவம் விசித்திரமானது. மாவட்டத்தில் ஒரு சங்கம் பதிவு பண்ணணும். ஊர்ல கிரிக்கெட் கிளப்பு, ரசிகர் மன்றம் பதிவு பண்ற அதே வகைச் சட்டம்தான், சங்கங்கள் பதிவுச் சட்டம். அதுக்குத் தலைவர் கலெக்டர். வட இந்தியாவில் ஜில்லா சாக்ஷரதா சமிதி. நம்ம ஊர்ல அறிவொளி இயக்கம். பொதுக்குழு, செயற்குழு, பயிற்சிக்கு ஒரு துணைக்குழு, பாடப் புத்தகத்துக்கு ஒண்ணு, கலைப்பயணத்துக்கு ஒண்ணு. அப்புறம் ஒன்றியக் குழு, பஞ்சாயத்துக் குழு, ஊர்க் குழு. மத்திய அரசு ரெண்டு பங்கு, மாநில அரசு ஒரு பங்கு பணம் போடும். அது துறை துறையா இறங்காம நேரா சங்கத்துக் கணக்குக்கு வரும்.

இது அரசாங்கமா? ஆமா, தலைவர் கலெக்டராச்சே. மக்கள் இயக்கமா? அதுவும் ஆமா, வேலை செய்றவங்க எல்லாம் ஊர்க்காரங்க. இந்த ரெண்டுங்கெட்டான் தன்மைதான் அதோட பலம். பிற்பாடு அதுவே பலவீனமும் ஆச்சு.

தென்காசி அப்ப தனி மாவட்டம் இல்லை. திருநெல்வேலி, அதுவும் அன்னைக்கு 'திருநெல்வேலி கட்டபொம்மன் மாவட்டம்'. 1990களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி வந்தப்போ ஒருங்கிணைக்க வந்தவங்க யாருன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரங்க, எழுத்தாளர்கள். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அப்ப தபால்துறை ஊழியர். நெல்லை அறிவொளியில் முழுநேரமா இறங்கினார். அந்த அனுபவத்தை 'இருளும் ஒளியும்'னு புத்தகமாவே எழுதியிருக்கார். வயது வந்தோர் கல்வி பத்தித் தமிழில் ஒண்ணே ஒண்ணு படிக்கணும்னா அதைப் படிங்கன்னு நான் சொல்லுவேன். அரசு அறிக்கையில் வராத சங்கடங்களும் அதில் வரும்.

களத்தில் இது எப்படி நடந்துச்சு? பத்துப் பேருக்கு ஒரு தொண்டர். பெரும்பாலும் பத்தாவது, பன்னிரண்டாவது படிச்ச பொண்ணுங்க, பையங்க. சம்பளம் கிடையாது. மூணு பாடநூல், மொத்தம் 200 மணி நேரம். படிக்க வந்தவங்கள்ல ஆம்பளைகள் குறைவு. வகுப்பு நிறைய பெண்கள். தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் பெண்கள்னா பீடியைப் பேசாம முடியாது. மடியில் தட்டு, தட்டுல இலையும் தூளும், விரல் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு. பகல்ல உட்கார வெச்சுப் பாடம் நடத்தினா அன்னைக்குக் கூலி போச்சு. அதனால ராத்திரிதான், சோறு பொங்கி, பிள்ளைகளைத் தூங்க வெச்ச பிறகு, அரிக்கேன் விளக்குலயும் தெருவிளக்குலயும். பீடிக்கடையில் கொடுத்த கணக்கு என்ன, எழுதின கணக்கு என்னன்னு பார்க்கத் தெரியணும் என்பது இவங்களுக்கு வெறும் பாடம் இல்லை. அது கூலி.

இந்த நேரத்தையும் இடத்தையும் முடிவு பண்ணினது யாரு? சென்னையில் இருந்த இயக்குநர் இல்லை. ஊர்க் குழு. 1978 திட்டத்துக்கும் இதுக்கும் இருக்கிற வித்தியாசத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லணும்னா இதுதான்: எந்த நேரத்தில் வகுப்புன்னு முடிவு பண்ற அதிகாரம் ஊருக்கு வந்துச்சு. கேட்கச் சின்ன விஷயம். ஆனா பீடித்தட்டை வெச்சுக்கிட்டு இருக்கிற ஒருத்திக்கு, அந்த ஒரு முடிவுலதான் தான் படிக்க முடியுமா முடியாதான்னே இருக்கு.

கலெக்டர் தலைவரா இருந்ததோட பலனும் பெரிசு. ஒரு பதினெட்டு வயசுப் பொண்ணு ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு தெருவுக்குப் போய்ப் பாடம் எடுக்கணும்னா வீட்டில் விடுவாங்களா? 'கலெக்டர் ஆபீஸ் வேலை'ன்னு சொன்னா விட்டாங்க. புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளியோட சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது நாடே பேசின விஷயம். ஒரு சங்கத் தலைவர் சொன்னா நடக்காது. கலெக்டர் சொன்னா நடக்கும். பள்ளிக்கூடத்தைச் சாயங்காலம் திறந்து விடுறதுல இருந்து, ஜீப்புக்கு டீசல் போடுற வரைக்கும்.

சரி, அந்தக் கலெக்டர் மாறிட்டா?

அங்கேதான் சிக்கல். கலெக்டர் ரெண்டு வருஷம், அதிகம்னா மூணு வருஷம் இருப்பார். அடுத்து வர்றவருக்கு வேற ஆர்வம் இருக்கும். மரம் நடுறதா இருக்கலாம், வேற ஏதாவதா இருக்கலாம். அதில் தப்பு சொல்ல முடியாது. தப்பு, ஓர் இயக்கத்தின் சாவியை மாத்தலாகிப் போற ஒரு நாற்காலியில் தொங்க விட்டது. புதுத் தலைவர் செயற்குழுவைக் கூட்டலைன்னா, கூட்டச் சொல்ல ஊர்க் குழுவுக்கு வழியே இல்லை. பீடி சுத்துற பெண்ணுக்கு அந்தச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. பொதுக்குழு உறுப்பினர் யார் யார்னு முடிவு பண்றதும் மேலே இருந்துதான். தொண்டர் ஆயிரக்கணக்கில், கற்போர் லட்சக்கணக்கில். ஆனா சட்டப்படி அது ஒரு பதிவு எண்ணும் ஒரு வங்கிக் கணக்கும்.

இன்னொரு சிக்கல் காலக்கெடு. 'இந்தத் தேதிக்குள் முழு எழுத்தறிவு மாவட்டம்'னு அறிவிக்கணும். அறிவிப்பு விழா முடிஞ்சா வேலை முடிஞ்ச மாதிரி ஆயிடும். ஆனா முப்பத்தைந்து வயசுல எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்ட ஒருத்தி, அதுக்கப்புறம் ஆறு மாசம் ஒண்ணும் படிக்கலைன்னா எழுத்து கையை விட்டுப் போயிடும். 1994-ல் அருண் கோஷ் தலைமையில் ஒரு நிபுணர் குழு நாடு முழுக்க இந்த இயக்கங்களை ஆராய்ந்து அறிக்கை தந்துச்சு. சாதனையைப் பாராட்டிக்கிட்டே அது விரல் வெச்ச இடங்களில் ஒண்ணு இதுதான்: முதல் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவுல விழுந்த இடைவெளி. அடுத்த கட்டத்துக்கான பணம் டெல்லியில் ஒப்புதல் ஆகி வர்றதுக்குள்ள, தொண்டரா இருந்த பொண்ணு கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிருப்பா.

அப்புறம் 'வளர்கல்வி'ன்னு மையங்கள் வந்துச்சு. நல்ல யோசனை. நூலகம், வகுப்பு, தொழில் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். அதுவும் திட்டப் பணம்தான், அதனால திட்டம் முடிஞ்சதும் முடிஞ்சுது. 2009-ல் 'சாக்ஷர் பாரத்' வந்தப்போ, 2001 கணக்கெடுப்பில் வயது வந்த பெண்களின் எழுத்தறிவு 50 சதவீதமோ அதுக்குக் கீழேயோ இருக்கிற மாவட்டங்களுக்கு மட்டும்னு அளவுகோல் போட்டாங்க. திருநெல்வேலி அந்தக் கோட்டுக்கு மேல இருந்துச்சு. அதாவது ஒழுங்கா வேலை செஞ்சதுக்குப் பரிசு, திட்டத்தில் இருந்து விடுதலை! மாவட்ட சராசரி நல்லா இருக்குன்னா, அந்த மாவட்டத்துக்குள்ள எழுத்து தெரியாத ஒரு பெண் இல்லாம ஆயிடுறாளா என்ன? 2018 மார்ச்சோட சாக்ஷர் பாரத்தும் முடிஞ்சுது. அதுக்கப்புறம் தமிழ்நாட்டில் 'கற்போம் எழுதுவோம்', இப்ப 2022 முதல் 2027 வரைக்குமான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். பெயர் மாறிக்கிட்டே இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தொடக்க நாள், ஒரு முடிவு நாள். இப்போதைய திட்டம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தை மையமா வெச்சு, தலைமை ஆசிரியர், தன்னார்வலர்னு ஓடுது. நடக்கிறது நல்லதுதான். ஆனா ஊர்க் குழுன்னு ஒண்ணு கூடி 'வகுப்பு ராத்திரி எட்டு மணிக்கு'ன்னு முடிவு பண்ற அந்தப் பழைய அதிகாரம் அதில் எங்கே இருக்குன்னு தேடித்தான் பார்க்கணும்.

இதைக் கேட்டா, 'அப்ப சட்டமும் வரியும் இருந்த நூலகம்தான் சரியான வழி'ன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா அங்கேயும் போய்ப் பார்த்தா கதை வேற.

நூலக ஆணைக்குழுவுக்கு வரி உண்டு. ஆனா அதை வசூலிக்கிற உள்ளாட்சி அமைப்பு உரிய நேரத்தில் கொடுத்தாத்தானே? சென்னை மாநகராட்சி நூலக வரி பாக்கி வெச்சிருக்குன்னு வருஷா வருஷம் செய்தி வந்த காலம் உண்டு. மாநகராட்சிகிட்ட போய்ப் பாக்கியைக் கேட்டு வாங்கற அளவுக்கு ஆணைக்குழுவுக்குப் பலம் வேணும். அந்தப் பலம் எங்கிருந்து வரும்? தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்கிட்ட இருந்து. ஆனா நடைமுறையில் ஆணைக்குழுத் தலைவர்ங்கிறது ஆளுங்கட்சி நியமனமா இருக்கும். இல்லைன்னா குழுவே இல்லாம தனி அலுவலர் பொறுப்பில் வருஷக்கணக்கில் ஓடும். ஒரு மாவட்டமே தன் வீட்டு வரியில் இருந்து பணம் கொடுக்குது. அது எந்த ஊரில் எந்தப் புத்தகமா, எந்தக் கட்டடமா ஆகுதுன்னு கேட்க அந்த மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு மேஜை இல்லை.

ஆக அறிவொளிக்கு ஆள் இருந்துச்சு, சட்டம் இல்லை. நூலகத்துக்குச் சட்டம் இருந்துச்சு, ஆள் இல்லை.

ரெண்டும் சேர்ந்து இருக்க முடியாதான்னு கேட்டா, ரொம்பத் தூரம் போக வேண்டாம். தென்காசியில் பஸ் ஏறி செங்கோட்டை, புளியரை தாண்டினா ஆரியங்காவு. அங்கே வேற நடைமுறை. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்துச்சு, மொழிவாரிப் பிரிவினையில்தான் நம்ம பக்கம் வந்தது. அந்தத் திருவிதாங்கூரில் 1945-ல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு கிரந்தசாலா சங்கம் ஆரம்பிச்சார். ஒவ்வொரு நூலகமும் அந்த ஊர் மக்கள் நடத்துறது. சங்கம் அவங்களோட கூட்டமைப்பு. 1977-ல் அரசாங்கம் அதைத் தன் கைக்கு எடுத்துக்கிச்சு. ஆமா, கேரளாவிலும் அது நடந்துச்சு. ஆனா கதை அங்கே நிக்கலை. 1989-ல் ஒரு சட்டம் வந்து, தாலுகா, மாவட்டம், மாநிலம்னு மூணு அடுக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட நூலகக் கவுன்சில்களை உருவாக்கிச்சு. ஊர் நூலகத்தின் உறுப்பினர்கள்ல இருந்து ஆரம்பிச்சு, தேர்தல் மேலே போகுது. நூலக வரியும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை: மலபார் 1948-ல் சென்னை மாகாணத்தில் இருந்ததால, ரங்கநாதன் கேட்டு வாங்கின நம்ம சட்டம்தான் பல வருஷம் அங்கே ஓடிக்கிட்டு இருந்துச்சு. கேரளா ரெண்டு மாதிரியையும் கையில் வெச்சுப் பார்த்துட்டுத்தான் ஒண்ணைத் தேர்ந்தெடுத்தது.

எழுத்தறிவுக்கும் அங்கே 1998-ல் இருந்து மாநில எழுத்தறிவு இயக்கத்துக்குன்னு தனியா ஓர் ஆணையம் இருக்கு. நாலாவது, ஏழாவது, பத்தாவது, பன்னிரண்டாவதுக்குச் சமமான தேர்வுகளை வயசு வந்தவங்களுக்கு நடத்திக்கிட்டே இருக்கு. 2018-ல் 96 வயசு கார்த்தியாயினி அம்மா நூத்துக்கு 98 வாங்கினாங்களே, அது அந்த ஏற்பாட்டில்தான். எல்லாரும் அந்தப் பாட்டியோட போட்டோவைப் பார்த்தோம். 1990-ல் தொடங்கின வேலை 28 வருஷம் கழிச்சும் ஓர் அலுவலகமா, ஒரு தேர்வு அட்டவணையா உயிரோட இருந்ததாலதான் அந்தப் பாட்டிக்கு எழுத ஒரு தேர்வு இருந்துச்சு.

இன்னும் தூரமா ஓர் உதாரணம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், நம்ம ஊர்ல அறிவொளி சூடு பிடிச்ச அதே 1991-ல், வயது வந்தோர் சமூகக் கல்விக்குன்னு தனிச் சட்டமே போட்டுச்சு. மேலே ஒரு வாரியம், அதுக்குக் கீழே வட்டாரக் கவுன்சில்கள். எங்க பகுதியில் யாருக்கு என்ன படிப்பு தேவைன்னு வாரியத்துக்குச் சொல்றது கவுன்சில் வேலை. அங்கே எல்லாம் தேனும் பாலுமா ஓடுதுன்னு நான் சொல்லலை. ஆனா அங்கே அந்த வாரியத்துக்குப் பின்னால ஒரு சட்டம் இருக்கு. நம்ம அறிவொளிக்கு அது இல்லை.

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. நெல்லைக்குப் போய்ட்டு வந்த வேலையெல்லாம் இப்ப ஊருக்குள்ளேயே. தென்காசி வ.உ.சி. வட்டார நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. குரூப் ஃபோர், குரூப் டூன்னு நோட்டைப் பரப்பி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அதில் பலர் பீடி சுத்துற குடும்பத்துப் பிள்ளைகள். ரங்கநாதனோட ஆறு பை இவங்க வரைக்கும் வந்துருச்சு. அவங்க அம்மாக்கள் வரைக்கும் வந்தது அறிவொளி. அந்த அம்மாக்களில் எத்தனை பேர் இப்ப பையன் வாங்கிக் கொடுத்த போன்ல வர்ற மெசேஜை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாங்க, எத்தனை பேர் வாய்ஸ் மெசேஜோட நிறுத்திக்கிட்டாங்கன்னு கணக்கெடுக்க எந்தக் குழுவும் இல்லை.

போன எபிசோடுக்கு நிறைய பேர் 'நாங்க என்ன பண்றது'ன்னு எழுதியிருந்தீங்க. இதுக்கு ஒரு சின்ன வேலை சொல்றேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் பத்து ரூபாய். உங்க நகராட்சியோ பேரூராட்சியோ எதுவோ, அதோட பொதுத் தகவல் அலுவலருக்கு. ரெண்டே கேள்வி. கடந்த மூணு நிதியாண்டில் நூலக வரியா வசூலானது எவ்வளவு? அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது எவ்வளவு, எந்தெந்தத் தேதியில்? அதே மாதிரி மாவட்ட நூலக அலுவலருக்கு இன்னொரு மனு: ஆணைக்குழுவின் இப்போதைய உறுப்பினர்கள் யார், கடைசியாக் கூட்டம் நடந்த தேதி என்ன, அந்தக் கூட்டத்தின் தீர்மான நகல் வேணும். பதில் தர முப்பது நாள். வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புங்க. தென்காசி, செங்கோட்டை, குற்றாலம், கடையநல்லூர், எங்கிருந்து வந்தாலும் அடுத்தடுத்த எபிசோட்ல ஊர் பெயரோட வாசிக்கிறேன்.